ஒப்பந்தம் முடியும் முன்பே தொலைபேசிக் கட்டணம் ஏறினால்: மலையக வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் அக்கா ஒருவர் சென்ற வருடம் ஒரு பில்லைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். மகன் உயர்தரம் படிப்பதற்காக எடுத்த 4ஜி ரவுட்டர் இணைப்பின் பில் அது. ஒப்பந்தம் 24 மாதம். ஆறு மாதங்கள் 1,490 ரூபா வந்திருக்கிறது. ஏழாவது மாதம் 1,940. “வரி கூடிவிட்டது என்று போனில் சொன்னார்கள் தம்பி. கட்டித்தானே ஆக வேண்டும்?” என்று கேட்டார்.

ஏறியது 450 ரூபா. 2024 செப்டெம்பரில் நிர்ணயித்த 1,350 ரூபா நாட்சம்பளத்தை வைத்துப் பார்த்தால், மூன்று மாதத்துக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், அந்த ரவுட்டருக்கே போகிறது. மிச்சமிருந்த 18 மாதங்களுக்கும் சேர்த்தால் 8,100 ரூபா. மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று கொழுந்து பறித்த ஆறு நாள் உழைப்பு.

இரண்டு மாதக் கடிதப் போக்குவரத்துக்குப் பிறகு அந்தக் கட்டணம் பழைய நிலைக்கு வந்தது. கூடுதலாகக் கட்டியதும் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. வழக்கறிஞர் எவரும் தேவைப்படவில்லை. அவர் குடும்ப அட்டையோடு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்த ஒரு துண்டுப் பிரசுரம்தான் காரியத்தை முடித்தது. அதன் கதையைப் பிறகு சொல்கிறேன். அந்த இரண்டு மாதங்களில் நான் கற்றுக்கொண்டதை, அடுத்த வீட்டுக்காரரும் செய்துபார்க்கும்படி வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் உங்கள் இணைப்பு எந்த வகை என்று பாருங்கள்

ரீலோட் போட்டுப் பாவிக்கும் முற்கொடுப்பனவு சிம்முக்குப் பெரும்பாலும் காலவரையறை கொண்ட ஒப்பந்தம் கிடையாது. அங்கே பெக்கேஜின் விலை ஏறினால், அடுத்த முறை வாங்கும்போது புதிய விலைதான். ஆனால் நீங்கள் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய 30 நாள் பெக்கேஜை இடையில் குறைத்தாலோ, டேட்டாவை வெட்டினாலோ அது முறைப்பாட்டுக்குரிய விஷயம்.

மாத பில் வரும் பிற்கொடுப்பனவு இணைப்பும், ரவுட்டரோ கைத்தொலைபேசியோ சேர்த்துக் கொடுத்து 12 அல்லது 24 மாதம் என்று கையெழுத்து வாங்கிய இணைப்பும் வேறு வகை. “இத்தனை மாதம் விலகமாட்டேன்” என்று நீங்கள் வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள். அந்த வாக்கை வாங்கும்போது நிறுவனம் ஒரு விலையைச் சொல்லியிருக்கிறது. நீங்கள் கட்டுப்பட்டிருக்கும்போது அது மட்டும் தன் விலையை நினைத்தபடி மாற்றலாமா என்பதே இங்கே கேள்வி. இந்த வழிகாட்டி முக்கியமாக இந்த இரண்டாம் வகைக்கானது.

ஏற்றத்தைக் கூறு போடுங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான படி. அவசரப்பட்டுத் தாண்டிவிடாதீர்கள். ஏறிய தொகை அரசின் வரியா, ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு அனுமதித்த கட்டண உயர்வா, அல்லது நிறுவனம் தானாகச் செய்த மாற்றமா என்று பிரித்துவிட்டால், எதை எதிர்க்கலாம், எதை எதிர்த்துப் பயனில்லை என்பது தெளிவாகிவிடும்.

ஏற்றத்துக்கு முந்தைய மூன்று பில்களையும் பிந்தைய பில்லையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மொத்தத் தொகையைப் பார்க்க வேண்டாம். வரி சேர்க்கும் முன் உள்ள மாத வாடகை என்ற பதிவைப் பாருங்கள். அந்த எண்ணே மாறியிருந்தால், “வரி கூடிவிட்டது” என்ற பதில் பொருந்தாது. வரி கூடினால் வரிக்குரிய தொகைகள்தான் மாறும். வாடகை அப்படியே நிற்கும். அக்காவின் பில்லில் மாறியிருந்தது வாடகை. அரை நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

வரியின் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். வற் வரி என்று நாம் சொல்லும் பெறுமதி சேர் வரி 2022 ஜூன் 1ஆம் திகதி 8 சதவீதத்திலிருந்து 12 ஆனது. அதே வருடம் செப்டெம்பர் 1ஆம் திகதி 15 ஆனது. 2024 ஜனவரி 1ஆம் திகதி 18 ஆனது. கடைசி உயர்வை எடுத்துக்கொள்வோம். 1,000 ரூபா வாடகைக்கு முன்பு 1,150 கட்டியவர் பிறகு 1,180 கட்டுவார். மொத்த பில்லில் ஏறுவது 3 சதவீதம்கூட இல்லை. இதற்கு வெளியே 2022 அக்டோபர் 1 முதல் 2.5 சதவீத சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி இருக்கிறது. தொலைத்தொடர்பு வரியும் இருக்கிறது. அழைப்புக்கும் இணையத்துக்கும் வரி விகிதம் ஒன்றல்ல என்பதால் இரண்டையும் தனித்தனியாகக் கணக்கிடுங்கள். வரி உண்மையாகவே கூடியிருந்தால் நிறுவனத்தோடு சண்டை போட்டுப் பயனில்லை. ஆனால் மூன்று சதவீதம் ஏற வேண்டிய இடத்தில் முப்பது சதவீதம் ஏறியிருந்தால், மிச்சத்துக்கு அவர்கள் கணக்குச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது கூறு, அனுமதி பெற்ற கட்டண உயர்வு. இலங்கையில் தொலைபேசிக் கட்டணங்கள் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதிக்கு உட்பட்டவை. 2022 செப்டெம்பர் 5 முதல் கைத்தொலைபேசி, நிலையான தொலைபேசி, இணையம் ஆகியவற்றுக்கு 20 சதவீதமும் கட்டணத் தொலைக்காட்சிக்கு 25 சதவீதமும் உயர்த்த அது அனுமதித்தது. அன்று எல்லா வீட்டு பில்களும் ஒரே நாளில் ஏறின. அப்படி நாடு முழுவதற்குமாக அறிவித்த உயர்வை “எனக்குக் கட்ட முடியாது” என்று சொல்லித் தனியாக எதிர்த்து வெல்வது கடினம். ஆனாலும் அறிவித்த சதவீதத்துக்கு மேல் உங்கள் பில் ஏறியிருக்கிறதா, அறிவித்த திகதிக்கு முந்தைய நாட்களுக்கும் புதிய விலையைப் போட்டிருக்கிறார்களா என்று பார்ப்பது உங்கள் உரிமை.

மூன்றாவது கூறில்தான் நமக்கு வேலை இருக்கிறது. அறிமுகத் தள்ளுபடி முடிந்திருக்கலாம். நீங்கள் கேட்காமலே வேறு பெக்கேஜுக்கு மாற்றியிருக்கலாம். அல்லது ராசிபலன், கிரிக்கெட் செய்தி, அழைப்பு மெட்டு போன்ற மேலதிக சேவைகள் நாளுக்கு இரண்டு மூன்று ரூபாவாக வெட்டிக்கொண்டிருக்கலாம். வீட்டில் பிள்ளைகள் போனை எடுத்து ஏதோ ஒரு பொத்தானை அழுத்தியதும் அவை ஒட்டிக்கொள்ளும். வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்து, என் எண்ணில் இப்போது என்னென்ன மேலதிக சேவைகள் இயங்குகின்றன என்று கேளுங்கள். வேண்டாதவற்றை அந்த அழைப்பிலேயே நிறுத்தச் சொல்லுங்கள்.

காகிதங்களைத் திரட்டுங்கள்

இணைப்பு எடுத்த நாளில் கையெழுத்திட்ட விண்ணப்பப் படிவத்தின் பிரதி பலரிடம் இருப்பதில்லை. டவுனில் குடை பிடித்து மேசை போட்டு விற்றவரிடம் வாங்கியிருப்போம். “பிறகு தருகிறேன்” என்று சொல்லியிருப்பார். நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். நீங்கள் கையெழுத்திட்டதன் பிரதியைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

இப்போது துண்டுப் பிரசுரத்தின் கதை. அக்கா என் கையில் தந்த அந்தத் தாளின் ஓரத்தில், விற்பனையாளர் நீலப் பேனாவால் எழுதியிருந்தார்: “1,490 – வரியோடு – 24 மாதமும்.” கீழே ஒரு கோடு, அதன் கீழே அன்றைய திகதி. ஆறு மாதத்தோடு முடியும் தள்ளுபடி என்று அந்தத் தாளில் எங்கும் இல்லை. நிறுவனத்தின் நிபந்தனைகளில், ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் இருந்தது. ஒருவரை ஒப்பந்தத்துக்குள் அழைத்து வந்த வார்த்தை எதுவோ அதற்குத்தான் நிறுவனம் பதில் சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கிறேன். அந்தக் கையெழுத்து இல்லாமல் இருந்திருந்தால் எங்கள் முறைப்பாடு பாதிப் பலத்தோடுதான் நின்றிருக்கும்.

ஆகவே விளம்பரத் தாள், விற்பனையாளரின் குறிப்பு, வட்ஸ்அப் செய்தி, விலை மாற்றம் பற்றி வந்த குறுஞ்செய்தி எதையும் அழிக்காதீர்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் மின்னணு ஆவணங்களுக்குச் சட்ட அங்கீகாரம் தருகிறது. குறுஞ்செய்தியைத் திகதி தெரியும்படி திரைப்பிடிப்பு எடுத்து, வேறொரு போனுக்கும் அனுப்பி வையுங்கள். போன் தண்ணீரில் விழுந்தால் ஆதாரமும் போய்விடும்.

நிபந்தனைகளில் மூன்று இடங்களைத் தேடுங்கள்: விலையை மாற்றலாம் என்று எழுதியிருக்கிறதா, மாற்றினால் எத்தனை நாள் முன்னறிவித்தல் தர வேண்டும், இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும். ஆங்கிலம் அல்லது சிங்களம் புரியாவிட்டால் தோட்டப் பாடசாலை ஆசிரியரிடமோ, பல்கலைக்கழகம் போகும் பிள்ளையிடமோ கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். “கட்டணத்தை மாற்றும் உரிமை எங்களுக்கு உண்டு” என்று ஒரு வரி இருந்தால் மனம் தளர வேண்டாம். 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம் என்று ஒன்று நம் நாட்டில் இருக்கிறது. அச்சடித்து வைத்த நிபந்தனை என்பதற்காகவே ஒன்று கேள்விக்கு அப்பாற்பட்டதாகிவிடாது.

தொலைபேசியில் பேசும்போது

நேரே கடிதம் எழுதாமல் முதலில் அழையுங்கள். தமிழில் பேச வேண்டும் என்று தொடக்கத்திலேயே சொல்லுங்கள். அரைகுறைச் சிங்களத்தில் ஆரம்பித்தால் நாம் சொல்ல வந்தது பாதியிலேயே நின்றுவிடும். கோபமாகப் பேச வேண்டியதில்லை. நான்கே கேள்விகள் போதும். வரி நீங்கலான என் மாத வாடகை எந்தத் திகதியில் மாறியது? என்ன காரணத்தால்? எனக்கு எப்போது, எந்த வழியில் அறிவித்தீர்கள்? ஒப்பந்தத்தின் எந்த நிபந்தனை அதற்கு இடம் கொடுக்கிறது?

பதில் எதுவானாலும் முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் போனை வைக்காதீர்கள். திகதி, நேரம், பேசியவரின் பெயர், சொன்ன பதில் ஆகியவற்றை ஒரு பழைய கொப்பியில் எழுதுங்கள். அக்காவுக்கு முதல் அழைப்பில் “வரி” என்றார்கள். மூன்று நாள் கழித்து நான் பக்கத்தில் இருந்து அழைத்தபோது “தள்ளுபடி முடிந்தது” என்றார்கள். இரண்டு பதில்களும் திகதியோடு கொப்பியில் இருந்தன. பிறகு எழுதிய கடிதத்தில் அதையே முதல் பந்தியாக வைத்தோம்.

கடிதம்

பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தபாலகம் தரும் பற்றுச்சீட்டைக் கொப்பியில் ஒட்டி வையுங்கள். மின்னஞ்சல் இருந்தால் அதிலும் அனுப்புங்கள். கதையை நீட்டாமல் ஒரு பக்கத்துக்குள் முடித்துவிடுங்கள். இதோ ஒரு மாதிரி:

“முகாமையாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஒப்பந்தக் காலத்தின் நடுவே கட்டணம் உயர்த்தப்பட்டமை தொடர்பான முறைப்பாடு.

என் இணைப்பு இலக்கம் ……. நான் …… திகதியில் 24 மாத ஒப்பந்தத்தில் இவ்விணைப்பைப் பெற்றேன். அப்போது எனக்குச் சொல்லப்பட்ட மாதக் கட்டணம் வரியுடன் …… ரூபா. அதற்கான ஆதாரத்தின் பிரதி இணைக்கப்பட்டுள்ளது.

…… மாத பில்லில் வரி நீங்கலான வாடகை …… ரூபாவிலிருந்து …… ரூபாவாக உயர்ந்துள்ளது. இதற்கு முன்கூட்டியே எழுத்தில் அறிவித்தல் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. …… திகதியில் அழைத்தபோது ஒரு காரணமும் …… திகதியில் அழைத்தபோது வேறொரு காரணமும் கூறப்பட்டன. முறைப்பாட்டு இலக்கம் …….

ஒப்பந்தம் முடியும்வரை முன்னைய கட்டணத்தையே அறவிடுமாறும், இதுவரை கூடுதலாக அறவிட்ட …… ரூபாவை என் கணக்கில் வரவு வைக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். அது இயலாதெனில், இடைவிலகல் கட்டணம் இன்றி ஒப்பந்தத்திலிருந்து விலக அனுமதியுங்கள். 14 நாட்களுக்குள் தமிழில் எழுத்து மூலமான பதிலை எதிர்பார்க்கிறேன். அதுவரை செலுத்தும் கூடுதல் தொகையை எதிர்ப்புடனேயே செலுத்துகிறேன்.”

14 நாள் என்பது நாம் வைக்கும் கெடு, சட்டம் வைத்ததல்ல. ஆனால் கெடு இல்லாத கடிதத்துக்குப் பதிலும் சீக்கிரம் வராது. உங்களிடம் அறிவித்தல் வந்திருந்தால் வரவில்லை என்று எழுதாதீர்கள். கடிதத்தில் ஒரு வரி பொய்யானாலும் மற்ற வரிகளை நம்பமாட்டார்கள்.

எதைக் கேட்பது என்பதில் மலையகத்துக்கு ஒரு தனிக் கணக்கு

“பிடிக்காவிட்டால் வேறு கம்பனிக்கு மாறுங்கள்” என்பது கொழும்பில் எளிதாகச் சொல்லக்கூடிய யோசனை. நமக்கு எதிர் மலையில் யாருடைய கோபுரம் நிற்கிறதோ அவர்களுடைய சிக்னல்தான். ஒரே தோட்டத்தில் மேல் டிவிஷனுக்கு ஒரு நிறுவனம் எடுக்கும், கீழ் டிவிஷனுக்கு எடுக்காது. நடுவில் ஒரு மேடு போதும். 2020, 2021இல் பாடசாலைகள் மூடியிருந்தபோது பிள்ளைகள் போனைத் தூக்கிக்கொண்டு பாறை மேலும் மேட்டிலும் ஏறி நின்றதை நாம் பார்த்தோம். அதனால் விலகும் உரிமையைக் கேட்பதற்கு முன், பக்கத்து வீட்டிலிருந்து வேறு நிறுவன சிம் ஒன்றை இரவல் வாங்கி உங்கள் வீட்டுக்குள்ளேயே போட்டுப் பாருங்கள். தகரக் கூரைக்குக் கீழே, இரவு ஏழு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில், எல்லோரும் பாவிக்கும் நேரத்தில் பாருங்கள். மழை நாளிலும் ஒருமுறை பாருங்கள். வேறு சிக்னல் எடுக்காத இடம் என்றால் விலகும் உரிமையால் உங்களுக்குப் பயனில்லை. பழைய விலையைக் கேட்பதிலேயே உறுதியாக நில்லுங்கள்.

மாறத்தான் வேண்டுமென்றால், எண்ணும் கூடவே வருமா என்று முன்கூட்டியே கேளுங்கள். வங்கிக் கணக்கும், வெளிநாட்டில் வேலை செய்பவர் அழைக்கும் எண்ணும் அதில்தானே இருக்கின்றன. ரவுட்டரைத் திருப்பிக் கொடுத்தால் அதற்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

பில்லைக் கட்டாமல் விடாதீர்கள்

கோபத்தில் பலர் செய்யும் தவறு இது. கட்டாவிட்டால் இணைப்பு துண்டிக்கப்படும், நிலுவை சேரும், சில மாதம் கழித்து வழக்கறிஞரின் கடிதம் வரும். அப்போது பேச்சு உங்கள் முறைப்பாட்டைவிட்டு உங்கள் கடனுக்குத் திரும்பிவிடும். பிள்ளையின் படிப்பு அந்த இணைப்பில் இருந்தால் முழுத் தொகையையும் கட்டி, எதிர்ப்புடன் கட்டுவதாக எழுதி வையுங்கள். துண்டிப்பைத் தாங்க முடியும் என்றால் மட்டும், தகராறு இல்லாத பழைய தொகையைக் கட்டி, மிச்சத்தை ஏன் நிறுத்தினீர்கள் என்று அன்றே கடிதம் அனுப்புங்கள். நான் முதல் வழியையே சொல்வேன்.

பதில் வராவிட்டால், அல்லது பதில் சரியில்லாவிட்டால்

கெடு முடிந்ததும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்குப் போங்கள். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் 9ஆம் பிரிவு, சந்தாதாரரின் முறைப்பாட்டை விசாரித்து உரிய பரிகாரத்தைச் செய்விக்கும் பொறுப்பை அதற்குத் தருகிறது. அழைப்பதற்கு 1900. எழுதுவதற்கு: 276, எல்விட்டிகல மாவத்தை, கொழும்பு 08. நிறுவனத்துக்கு எழுதிய கடிதம், தபால் பற்றுச்சீட்டு, பில்கள், முறைப்பாட்டு இலக்கம் எல்லாவற்றின் பிரதிகளையும் இணையுங்கள். மூலப் பிரதிகளை அனுப்ப வேண்டாம்.

தமிழிலேயே எழுதுங்கள். ஆணைக்குழு ஓர் அரச நிறுவனம். அரச அலுவலரோடு தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் மொழி பற்றிய 4ஆம் அத்தியாயம் நமக்கு உரிமை தருகிறது. வடக்கு கிழக்குக்கு மட்டும் உரியது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நுவரெலியாவிலும் பதுளையிலும் கண்டியிலும் இருப்பவருக்கும் அந்த உரிமை உண்டு.

விற்கும்போது ஒன்று சொல்லி, பில்லில் வேறொன்று போட்டிருந்தால் இன்னொரு கதவும் இருக்கிறது. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்தது. தவறாக வழிநடத்தும் வியாபார நடத்தையை அந்தச் சட்டம் தடுக்கிறது. அழைப்பு எண் 1977. மாவட்டச் செயலகத்தில், அதாவது கச்சேரியில், அதன் மாவட்ட அலுவலகத்தைக் கேளுங்கள். இங்கே காலம் முக்கியம்: சேவை வழங்கப்பட்டதிலிருந்து மூன்று மாதங்களுக்குள் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும். ஆகவே நிறுவனத்தின் பதிலுக்காக மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள். அக்காவுக்காக இரண்டு இடங்களுக்கும் ஒரே நாளில் அனுப்பினோம். நிறுவனத்துக்கும் அவற்றின் பிரதி போனது. அதன் பிறகுதான் அங்கிருந்து ஒருவர், பெயர் சொல்லி, தமிழில், தானாக அழைத்தார்.

அதற்கும் மேல் போக வேண்டிய தேவை அரிதாகவே வரும். வந்தால் மத்தியஸ்த சபை இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குவது, கட்டணம் இல்லை. வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு ஆலோசனை தருகிறது. நீதிமன்றம் இருக்கும் நகரங்களில் அதன் அலுவலகத்தை விசாரியுங்கள்.

லயத்து வரிசை வீடுகள் முழுவதற்கும் ஒரே பிரச்சினை என்றால்

ஒரே விற்பனையாளர் ஒரே நாளில் பத்து இருபது வீடுகளுக்கு விற்றிருப்பார். அப்போது ஒரே மனுவில் இருபது கையெழுத்துப் போடத்தான் முதலில் தோன்றும். என் அனுபவத்தில், வீட்டுக்கு ஒரு கடிதமே பலமானது. ஒவ்வொன்றிலும் தனித்தனி இணைப்பு இலக்கம், தனித்தனித் தொகை இருப்பதால், ஒவ்வொன்றுக்கும் பதில் எழுத வேண்டியிருக்கும். ஆனால் மற்ற வீடுகளின் இணைப்பு இலக்கங்களை அவர்களின் சம்மதத்தோடு கடைசிப் பந்தியில் குறிப்பிடுங்கள். இது ஒருவருக்கு நேர்ந்த தவறல்ல என்பது ஆணைக்குழுவுக்குப் புரியும். ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் அரை நாள் உட்கார்ந்தால் இருபது கடிதங்களையும் எழுதி முடிக்கலாம்.

இணங்கிவிட்டார்கள் என்றால்

போனில் “சரி செய்துவிட்டோம்” என்று சொல்வதோடு விடாதீர்கள். எந்த மாதத்திலிருந்து என்ன விலை, எவ்வளவு வரவு, எதுவரை என்பதைக் குறுஞ்செய்தியிலாவது அனுப்பச் சொல்லுங்கள். சமாதானமாக மேலதிக டேட்டா தருவதாகச் சொன்னால், அதை ஏற்றுக்கொள்வதால் ஒப்பந்தக் காலம் புதிதாக 24 மாதத்துக்கு நீள்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். அடுத்த இரண்டு பில்களையும் பழைய பில்லின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒப்பந்தம் முடியும் திகதியைச் சுவர் நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அன்றைக்குப் பிறகு விலையை அவர்கள் மாற்றலாம். அன்றைக்கு நீங்களும் இடைவிலகல் கட்டணம் இல்லாமல் வேறு சிம்மைப் போட்டுப் பார்க்கலாம். அக்காவின் வீட்டு நாட்காட்டியில் அந்தத் திகதியைச் சுற்றி மகன் சிவப்பு மையால் வட்டம் போட்டிருக்கிறான்.